பாடசாலைச் சமயப் பாடமா, ஞாயிறு மறைக்கல்வியா?

மட்டக்களப்பின் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்றுவிட்டது. பெயர்ப்பலகையில் இன்னும் புனிதர் இருக்கிறார். வகுப்பிலோ இந்துப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். சமயப் பாடத்துக்கு மட்டும் பிரிந்து போகிறார்கள். அங்கே பாடப்புத்தகம், கொப்பி, தவணைப் பரீட்சை; விசுவாசமும் புள்ளியாகிவிடுகிறது. ஆனாலும் இடைவேளையில் இடியப்பத்தைப் பங்குபோடுவது அதே வாங்கில்தான். அந்தப் பழக்கத்தை எந்தக் கோயிலாலும் கொடுக்க முடியாது.

கோயிலில் நடக்கும் ஞாயிறு மறைக்கல்வியில் அவசரம் குறைவு. புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, ஆயத்தமாகும் என் மகள், பூசை முடிந்ததும் மறையாசிரியரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இறந்துபோன அம்மம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். பாடசாலையில் அதற்கு நேரம் ஏது? குறை என்றால், அங்கே நம்மவர்கள் மட்டுமே.

2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு வகுப்பை முடித்த சிறுவர்கள் பலர் இறந்தார்கள். வேறு சபைதான்; ஆனாலும் நான் இன்றும் வாசலிலேயே காத்து நிற்கிறேன்.

புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் ஐந்தாம் ஆண்டு வந்தால் மறைக்கல்வியை நிறுத்தி ரியூஷனுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. நான் ரியூஷனைத்தான் நிறுத்துவேன்.