இடுப்பில் ஒரு ரிவால்வர்: திண்டுக்கல் தோல் உறை பற்றிய மதிப்புரை

பழனி மலையின் கீழ்த்தட்டில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கங்களில் காப்பியும் மிளகும் விளைவிப்பவர்களில் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் சிலர் உண்டு. வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு மலைச்சரிவு இருக்கும் தோட்டங்களில், அறுவடைக் காலத்தில் கூலிப் பணத்தோடு தனியே வர வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் அவர்களில் பலர், அலைந்து திரிந்து வாங்கிய ரிவால்வரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, எண்ணெய் போடுவதற்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அதை இடுப்பில் அணிந்துகொண்டு நாலு பேர் நடுவே நடமாட மனம் துணிவதில்லை. அந்தத் துணிவில் பாதிக்கு மேல் உறையைப் பொறுத்தது என்பது என் கருத்து. ஆகவே, திண்டுக்கல்லில் பெல்ட்டும் பையும் தைக்கும் ஒரு சிறு கடையில் சொல்லிச் செய்து, ஒரு மழைக்காலமும் ஒரு மிளகு அறுவடையும் முழுக்க அணிந்து பார்த்த தோல் உறையைப் பற்றி, புதிதாக அணியத் தொடங்குபவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உறை நம் நாட்டில் அலங்காரப் பொருள் அன்று. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதை உடலோடு இணைந்த உறையிலோ அதற்கென அமைந்த பையிலோ வைத்திருக்க வேண்டும், அது முழுவதுமாக மறைந்திருக்க வேண்டும், அவருடைய கட்டுப்பாட்டை விட்டு அகலாமல் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. அமெரிக்காவில் மறைத்து அணிவதற்குத் தனி அனுமதி கேட்பதும், இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அந்த அனுமதியும் தேவையில்லாமல் போயிருப்பதும் வேறு கதை; இங்கே மறைத்து அணிவது சலுகையாக இல்லாமல் கடமையாக இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிற வீராப்புக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ வைத்திருக்கிறது. உரிமத்துக்கு முன் பெற வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியில் சுடவும் துடைக்கவும் கற்றுத் தருகிறார்கள். அணிந்துகொண்டு மளிகைக் கடைக்குப் போய்வருவது எப்படி என்பதை அவரவர்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். ஆறு தோட்டா கொள்ளும், குழல் மூன்று அங்குலம், வெறும் எடை சுமார் 700 கிராம். குழலை முன்பக்கமாக மடக்கித் திறக்கும் பழைய வகை. எழுநூறு கிராம் கையில் எடுக்கும்போது பெரிதாகத் தெரியாது. சாதாரண பேன்ட் பெல்ட்டில் ஒரு பக்கமாகத் தொங்கும்போதுதான் அதன் உண்மையான கனம் புரியும். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் இதை மாட்ட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெல்ட் பணத்தையும் பொடி டப்பாவையும் தாங்கும், இதைத் தாங்காது.

உறை, பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோலில் ஆனது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி வட்டாரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் முறை மிகப் பழையது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. ஆவாரம்பட்டைக்குப் பின் வாட்டில் பட்டை வந்தது. கொடைக்கானல் மேல்மலைப் புல்வெளிகளில் வாட்டில் மரத்தை நட்டதே இந்தத் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்றுதான். புல்வெளியை விழுங்கிவிட்ட அந்த மரத்தை எப்படி அகற்றுவது என்று இன்று வனத்துறை திண்டாடிக்கொண்டிருப்பது தனி வருத்தம். உறைக்கு வருவோம். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் கொடுத்த வடிவத்தில் நிற்காது. பட்டையில் பதனிட்ட தோலை ஈரமாக்கி, துப்பாக்கியின் மேல் வைத்து அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். உறைக்கு வேண்டிய முதல் குணம் இதுவே.

கடைக்காரர் பொறுப்பானவர். “தோட்டா இல்லாம கொண்டு வாங்கண்ணே, லைசென்ஸ் புத்தகத்தையும் மறக்காம எடுத்துட்டு வாங்க” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரத்தோலை அதன் மேல் விரலால் தேய்த்துத் தேய்த்து உருவாக்கினார். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் உறை முழுமையாக மூடுகிறது. அந்த இடத்தில் விரலோ சட்டை நுனியோ நுழைய இடமே இல்லை. வாய்ப்பகுதியில் இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைத்திருப்பதால் துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காமல் திறந்தே நிற்கிறது. திரும்பச் செருகும்போது இன்னொரு கையால் வாயை விரிக்க வேண்டியதில்லை என்பது சிறிய வசதியாகத் தோன்றலாம். தன் கையைத் தன் குழலுக்கு முன்னால் கொண்டுபோகாமல் இருப்பது உயிரைக் காக்கிற விஷயம். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலுக்குப் பின்னால் வந்து பூட்டும் பட்டன் வார் உறுதியாக இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும்போது எழும் ஓசை அமைதியான அறையில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும்.

புதியவரின் சங்கடங்கள் எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடைத்தெருவில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் தன் இடுப்பையே பார்ப்பதாகத் தோன்றும். கை தானாகப் போய்ச் சட்டையைக் கீழே இழுத்துவிடும், முழங்கை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்ளும். உண்மையில் எவரும் பார்ப்பதில்லை. அந்தத் தடவல்தான் பார்க்கவைக்கிறது. பாக்கெட்டில் பெரிய தொகை வைத்திருப்பவரைத் திருடன் எப்படிக் கண்டுகொள்கிறானோ அப்படித்தான் இதுவும். இரண்டாவது, நடக்கும்போது தானாக வெடித்துவிடுமோ என்ற பயம். இந்தப் பயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் துப்பாக்கியைப் பீரோவுக்கு அனுப்புவது இதுதான்.

இரண்டுக்கும் மருந்து வீட்டிலேயே இருக்கிறது. தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, உருளையின் ஆறு அறைகளையும் கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை பார்த்துவிட்டு, வெறும் ரிவால்வரை உறையில் செருகி, சில வாரங்கள் வீட்டுக்குள்ளும் களத்திலும் அணிந்திருக்க வேண்டும். காப்பி உலர்த்துவது, குனிந்து மூட்டை தூக்குவது, ஏணியில் ஏறி மிளகுக் கொடியைப் பார்ப்பது, பேரப்பிள்ளை காலைக் கட்டிக்கொள்ளும்போது நகர்வது என எல்லா வேலையையும் அதோடு செய்து பார்த்தால், விசை அசையவே இல்லை, சுத்தியல் நகரவே இல்லை, வார் தானாகத் திறக்கவே இல்லை என்பது கண்ணெதிரே தெரியும். சுத்தியலைப் பின்னிழுக்காத நிலையில் இவ்வகை ரிவால்வரின் விசையை நீண்ட தூரம், நல்ல பலத்தோடு இழுக்க வேண்டும். விசை மூடியிருக்கும் உறைக்குள் அது நடக்க வழியில்லை. இதை நூறு பேர் சொல்லிக் கேட்பதைவிடத் தன் இடுப்பே சொல்லிக் கேட்பது மேல். இந்த நாள்களில் எடுத்துச் செருகும் பயிற்சியையும் மிக மெதுவாகச் செய்யலாம். வலது கை பிடியை இறுகப் பற்றும்போது ஆள்காட்டி விரல் நீட்டியபடி உறையின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், செருகும்போது கண்ணால் பார்த்தே செருக வேண்டும். வேகத்துக்கு இதில் இடமில்லை. சட்டை நுனி வாய்க்குள் சிக்குவதுதான் செருகும்போது வரும் பெரிய ஆபத்து. உறையின் உள்பக்கம் உயர்ந்து நிற்கும் தோல் நாக்கு அதைத் தடுக்கிறது. இந்த நாக்கு இல்லாத உறையைப் புதியவர் வாங்கவே கூடாது.

புது உறை முதலில் துப்பாக்கியை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். வெறும் ரிவால்வரைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரவு முழுவதும் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டினால் போதும், தளர்ந்துவிடும். எண்ணெய் தடவித் தளர்த்தச் சொல்கிற அறிவுரை தவறானது. எண்ணெய் பட்ட பட்டைத்தோல் தொளதொளத்துப் போய் வடிவத்தை இழக்கும்.

உடை விஷயத்தில் இந்த மலை ஒரு தனிச் சோதனை. ஏழாயிரம் அடி உயரத்துக் கொடைக்கானலில் ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டுக்கொண்டு எதையும் மறைத்துவிடலாம். அதே நாளில் வங்கி வேலையாக வத்தலக்குண்டுக்கு இறங்கினால் வெயில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லும், அப்போதுதான் உள்ளே போட்டிருக்கிற மெல்லிய வெள்ளைச் சட்டை காட்டிக்கொடுக்கும். ஆகவே கீழே போகும் நாளில், ஓரளவு தடித்த துணியில், கட்டம் போட்ட, ஒரு சுற்றுப் பெரிய அரைக்கைச் சட்டையை வெளியே விட்டு அணிவதுதான் வழி. இந்த உறை வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பிடி லேசாக முன்சாய்ந்து, உடம்போடு ஒட்டி நிற்பதால் நிமிர்ந்து நடக்கையில் எதுவும் தெரிவதில்லை. இடுப்பை மடித்துக் குனிந்தால் பிடியின் முனை சட்டையில் துருத்தும். முழங்காலை மடித்து உட்கார்ந்து எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும். உறையோடு சேர்த்து, ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்த பெல்ட்டையும் கட்டாயம் வாங்க வேண்டும். பெல்ட் நெகிழ்ந்தால் எத்தனை நல்ல உறையானாலும் ஆடும், ஆடினால் கை போய்ப் பிடிக்கும், மீண்டும் அதே தடவல்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது உறை தரும் தொந்தரவை மறைக்க விரும்பவில்லை. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் உடம்பு இடமும் வலமுமாகச் சாயும்போது பிடி இருக்கையின் முதுகில் குத்துகிறது, சீட் பெல்ட் சட்டையை இழுத்து உறையின் மேல் இறுக்குகிறது. இதற்காகத் துப்பாக்கியைக் கழற்றி டேஷ்போர்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும்போது அது அங்கேயே கிடக்கும், விதி கேட்கும் கட்டுப்பாடு அந்த நொடியே போய்விடும். வழியில் கழிப்பறைக்குப் போகும்போதும் அது உறையை விட்டு வெளியே வரக் கூடாது. கோயிலுக்கும், மது புழங்கும் விருந்துக்கும் போகிற நாளில் வீட்டுப் பூட்டுக்குள் இருப்பதே அதற்கு அழகு. திண்டுக்கல் வட்டாரத்துக்காரர்களுக்கு நல்ல பூட்டுக்கா பஞ்சம்?

இனி குறைகள். வடகிழக்குப் பருவமழையில் இந்தத் தோல் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. நாள் முழுதும் பனிமூட்டத்தில் நடந்துவிட்டு வந்தால் உள்பக்கம் சில்லென்று இருக்கும், கவனிக்காமல் விட்டால் வெண்பூஞ்சை படரும். பட்டைத்தோலில் உள்ள அமிலமும் ஈரமும் சேர்ந்தால் எஃகு துருப்பிடிக்கும் என்பதால், புது உறையைத் தளர்த்தும் அந்த ஓர் இரவைத் தவிர, எந்த நாளும் துப்பாக்கியை உறைக்குள் வைத்தே பீரோவில் போடக் கூடாது. எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசித் தனியே வைக்க வேண்டும். அடுப்பு மேட்டில் காயவைத்தால் தோல் வெடிக்கும், நிழலில் காற்றாடக் காய வேண்டும். சாயம் முதல் மாதத்தில் சட்டையில் பழுப்பாக ஒட்டியது; அடுத்து வாங்குபவர் சாயம் போடாமலே கேட்டு வாங்கலாம், தோல் தானாகவே நிறம் மாறிவிடும்.

கைடெக்ஸ் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. ஈரம் குடிக்காது, வடிவம் மாறாது. எங்கள் மழைக்கு அதுதான் பொருத்தம் என்று கூடச் சொல்லலாம். ஆனால் நம் ரிவால்வரின் வடிவத்துக்கு அச்சாக வார்த்த உறை எளிதில் கிடைப்பதில்லை, வியர்வையில் இடுப்பை அறுக்கும். எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிற நைலான் உறைகளைப் பற்றி ஒரே வரி போதும்: விசையை வெளியிலிருந்தே அழுத்திவிடக்கூடிய மெல்லிய துணியில் துப்பாக்கியை வைக்கக் கூடாது.

காட்டுமாட்டுக்காக இதை அணியலாமா என்று கேட்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டன் வரை எடை வரக்கூடிய விலங்கை .32 தோட்டா கோபப்படுத்துவதோடு சரி. அதற்கு மேல், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்ட பிறகு, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் அதற்குள் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். சரணாலயத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர் வனத்துறையிடம் தம் பெயரைப் பதிவு செய்திருக்கவும் வேண்டும். தோட்டத்துக் குறுக்குப் பாதை எந்த இடத்தில் சரணாலய எல்லையைத் தொடுகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் உறையை மாட்ட வேண்டும்.

உறையும் பெல்ட்டுமாக நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. தையல் ஒரு நூல் கூடப் பிரியவில்லை. பட்டன் ஓசைக்கும் சாயத்துக்கும் ஐந்தில் ஒரு மதிப்பெண் குறைத்து நான்கு தருகிறேன். இடக்கைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்குப் புதிதாக வெட்ட வேண்டியிருப்பதால் கடைக்காரர் கூடுதல் நாள் கேட்கிறார். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உறைக்கு மெழுகு பூசவும் தையலைச் சரிபார்க்கவும் கடைக்குக் கொடுத்து வாங்குவதற்கு அதுவே நல்ல நேரம்.