வார்சா ஒபெரெக் வகுப்பு: இசை வாசிப்பு முதல் தரம், இடப்பக்கச் சுழல் அரைகுறை

போலந்தின் மசோவியப் பகுதிக் கிராமங்களில் கல்யாணத்துக்கு ஆடும் ஒபெரெக் என்ற ஜோடிச் சுழலாட்டத்தை, மேடை மெருகு எதுவும் பூசாமல் சொல்லித்தரும் இரண்டு மணி நேர மாலை வகுப்பு இது. ஒலிப்பதிவைப் போட்டு ஆடவிடுவதில்லை. வயலின், வில்லால் இழுக்கும் செல்லோ அளவிலான பாஸி, சலங்கைத் தகடு கோத்த பெம்பெனெக் என மூவர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். கொடுக்கும் கட்டணம் இதற்கே தகும்.

மூன்று தட்டில் ஆடும் போலந்து ஆட்டங்களான மஸுர்கா குடும்பத்தில் வேகமானது ஒபெரெக். நிமிடத்துக்கு 160 முதல் 180 தட்டு வரை போகும். ஏட்டில் 3/8, அதாவது ஆவர்த்தனத்துக்கு மூன்று தட்டு, என்று எழுதுவார்கள். அதை நம்பி மூன்றையும் சமமாக எண்ணினால் ஆட்டம் நொண்டும். மத்திய போலந்தின் கிராமத்து வாசிப்பில் ஒரு தட்டு குறுகும், இன்னொன்று நீளும். எது எவ்வளவு என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. திஸ்ரம் போட்டுப் பழகிய கை தடுமாறும் இடம் இது. அதனால் முதல் அரைமணி நேரம் சுழலவே விடுவதில்லை; பாஸியைக் கேட்டு எடையை மாற்றி மாற்றி நிற்க மட்டும் வைக்கிறார்கள். புதியவர்கள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் முறை சரி. மெட்டின் கட்டமைப்பு எளிது: எட்டு ஆவர்த்தனம் கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. திரும்பும்போது வயலின் அலங்காரத்தை மாற்றும்.

ஆணின் வலக்கை பெண்ணின் இடுப்பைச் சுற்றி, பெண்ணின் இடக்கை ஆணின் தோளில். ஆவர்த்தனத்துக்கு மூன்று அடி, அரைச் சுற்று. ஜோடி கடிகாரத் திசையில் சுழன்றபடியே கூடத்தை எதிர்த்திசையில் சுற்றிவரும். முட்டி மடங்கியிருக்க வேண்டும், பாதம் தரையை ஒட்டியே நகர வேண்டும். 1948-இல் தொடங்கிய மஸோவ்ஷே நாட்டுப்புறக் கலைக்குழுவின் மேடை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் துள்ளுவார்கள். துள்ளினால் இந்த வேகத்தில் அடுத்த அடி தவறும். ஜோடியில் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி நிற்பது அதைவிடப் பெரிய பிழை. சுற்று அகலமாகி, ஜோடி தாளத்துக்குப் பின்னால் ஓடும்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். தலைசுற்றலுக்கு நல்ல மருந்து திசை மாற்றுவது. இடப்பக்கம் சுழலத் தெரியாதவர் பாட்டு முடியும்வரை தாங்கமாட்டார். இங்கே அதற்குக் கடைசிப் பத்து நிமிடம்தான். மாறும்முன் ஒரு ஆவர்த்தனம் சுழலாமல் நடந்து எடையைத் திருப்ப வேண்டும் என்பதைப் பிரித்துக் காட்டுவதில்லை, கால்கள் பின்னிக்கொள்கின்றன. நடுவில் இளைப்பாற குயாவியாக் என்ற இன்னொரு ஆட்டம் உண்டு, மெதுவானது, இதமானது.

ரப்பர் அடிச்செருப்பு வேண்டாம். பாதம் தரையில் பிடித்துக்கொள்ள, திருகல் முழுக்க முட்டியில் விழும். தோல் அடி வழுக்கிக்கொடுக்கும்.

மயிலிறகுத் தொப்பியும் சீருடையும் எதிர்பார்த்தால் இது உங்களுக்கு இல்லை. போலந்து இசையமைப்பாளர் ஷோபேனின் மஸுர்காக்களைப் பழகும் பியானோ மாணவர்கள் ஆடாவிட்டாலும் பெம்பெனெக் பக்கத்தில் ஒரு மாலை உட்காரலாம். அழுத்தம் ஏன் இரண்டாம், மூன்றாம் தட்டுகளுக்கு நழுவுகிறது என்பது காதிலேயே விளங்கும்.