பிக்கப்பின் முன்சக்கர பேரிங்கை மாற்றினேன்: தாராபுரம் ரோட்டுப் பட்டறை எப்படி?

என்னுடையது பொலேரோ பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிற வண்டி. போன மாதம் ஐம்பதைத் தாண்டினாலே முன்பக்கம் 'ஊம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், அறுபதில் ரேடியோவே காதில் விழவில்லை. டயர்தான் என்று நினைத்து முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டேன், சத்தம் அசையவில்லை. அப்புறம் கவனித்தால் இடது பக்கம் வளைக்கும்போது கூடுகிறது, வலது பக்கம் வளைத்தால் அடங்குகிறது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரத்தில்தானே இறங்கும், அப்போ வலது பேரிங்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே வலது பேரிங்கை நாலு மாதம் முன்புதான் வேறொரு இடத்தில் மாற்றியிருந்தேன். ஏசி ரூம், டோக்கன், கம்ப்யூட்டர் பில் எல்லாம் இருந்த இடம். அரை மணியில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், நானும் பரவாயில்லையே என்று கிளம்பிவிட்டேன்.

இந்த முறை மார்க்கெட்டில் ஒரு டிரைவர் அண்ணன் கைகாட்டிய பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது, ஒரு புளியமரம், ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். நான் பேரிங் போச்சு என்று சொன்னதை மெக்கானிக் அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், 'டொக் டொக்' என்றது. பிறகு பையனை ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார், ஆட்டம் நின்றுவிட்டது. "பிரேக்கை மிதிச்சும் ஆடுச்சுன்னா வேற எடத்துல பார்க்கணும் தம்பி, இது பேரிங்தான்" என்றார். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், இந்தச் சின்ன சோதனையை ஒருத்தரும் எனக்குச் செய்து காட்டியதில்லை.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் கருகிக் கிடக்கிறது, வெளிப்பக்கத்து ரோலர்கள் சூட்டில் நீலம் பாரித்திருக்கின்றன, ரோலர்கள் உருளுகிற வெளி வளையமான கப்பின் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது. துணியால் துடைத்துக் காட்டினார்: ரோலர்கள் கோத்த உள் வளையமான கோனில் ஒரு கம்பெனி முத்திரை, கப்பில் வேறொரு கம்பெனி முத்திரை. அதாவது முன்னே பார்த்தவர்கள் கப்பைத் தட்டி எடுக்கச் சோம்பல்பட்டுப் பழைய கப்பிலேயே புதுக் கோனைச் சொருகியிருக்கிறார்கள், பில்லில் மட்டும் முழு செட். போதாததற்கு பேரிங்கை இறுக்குகிற நட்டையும் முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். இந்த மாதிரி டேப்பர் ரோலர் (கூம்பாகச் சரிந்த ரோலர்) பேரிங்குக்கு லூஸும் ஆகாது, டைட்டும் ஆகாது.

இவர் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பித்தளைக் கம்பியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றிக் கப்பை வெளியே எடுத்தார், புதுசை இறக்கும்போது தட்டுகிற சத்தம் 'ணங்' என்று கெட்டியாக மாறியதும் நிறுத்தினார். ஹப்பை டீசல் ஊற்றிக் கழுவித் துடைத்தார். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, கோனை அதில் குத்திக் குத்தி, ரோலர் சந்துகளில் அது பிதுங்கி மேலே வருகிற வரை திணித்தார். ஆயில் சீல் புதுசு, நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின்னும் புதுசு. நட்டுக்கு மட்டும் கால் மணி நேரம். ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, கடைசியில் விரலால் மட்டும் திருகி, ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டைக்கு நேராக நட்டு வந்ததும் மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பின்னைப் போட்டார்.

இடது பக்கத்தையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். கழற்றிக் கழுவிப் பார்த்துவிட்டு "இது நல்லாத்தானே இருக்கு, காசு கூடக் கெடக்குதா?" என்று திட்டி, கிரீஸ் மட்டும் மாற்றி மூடினார்.

செலவு: டூப்ளிகேட்டுக்குப் பயந்து திண்டுக்கல் டீலரிடம் நானே வாங்கிவந்த உள் பேரிங், வெளி பேரிங், சீல் எல்லாம் சேர்ந்து 1,850 ரூபாய். கூலி இரண்டு பக்கத்துக்கும் 900.

குறை இல்லாமலா? காலை எட்டுக்குப் போனவன் மதியம் இரண்டுக்குத்தான் கிளம்பினேன், நடுவில் எனக்குப் பிறகு வந்த டிராக்டருக்கு அரை மணி நேரம் போய்விட்டார். பில் கிடையாது, உட்கார ஒரு பழைய டயர்தான். போன் செய்தால் எடுப்பதும் இல்லை. அவசர லோடு இருக்கிற நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார், போனேன். இரண்டு ஹப்பையும் தொட்டுச் சூடு பார்த்து, ஜாக்கி வைத்து ஆட்டிப் பார்த்து, போ என்று கைகாட்டினார். காசு வாங்கவில்லை. இப்போது அறுபதிலும் ரேடியோ கேட்கிறது. கேட்ட பிறகுதான் தெரிகிறது, இடது ஸ்பீக்கர் எப்போதோ போயிருக்கிறது.