"பழகிவிடும்" என்ற பதிலை நம்பி நான் இழந்த ஐந்து மாதங்கள்

புதிதாகக் காது கேட்கும் கருவி வாங்கப் போகிறவர்களும், வாங்கிச் சில வாரங்களே ஆனவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கருவியை விற்றவர் நான் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் "பழகிவிடும்" என்ற ஒரே பதிலைத்தான் தந்தார். அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே விழித்துக்கொண்டிருப்பேன். பாதி உண்மையாக இருந்ததால்தான் ஐந்து மாதங்கள் ஏமாந்தேன்.

எனக்கு இரண்டு காதிலும் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செவித்திறன் குறைந்துவந்தது. விற்பனை நிலையத்தில் கதவு சரியாக மூடாத ஓர் அறையில் ஹெட்போனை மாட்டி, பத்து நிமிடத்தில் சோதனையை முடித்தார்கள். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று யாரும் விளக்கடித்துப் பார்க்கவில்லை. சொற்களைச் சொல்லி, எத்தனை புரிகிறது என்று கணக்கிடவும் இல்லை. சோதனையில் கிடைத்த செவித்திறன் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, கருவிகளை என் காதில் மாட்டி, "கேட்கிறதா?" என்று விற்றவர் கேட்டார். கேட்டது. கையெழுத்துப் போட்டேன். (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு காதில் மட்டும் திடீரென்று, ஓரிரு நாளில் செவித்திறன் குறைந்தால் கருவி விற்கும் இடத்துக்கே போகாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதில் தாமதம் கூடாது.)

முதல் நாள் வீட்டில் கேட்ட ஒலிகளை இன்னும் மறக்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழுவது அருவி கொட்டுவது போல இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் யாரோ காதருகே துணியைக் கிழிப்பது போல இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், மின்விசிறியின் இரைச்சல், என் செருப்பின் ஓசை எல்லாம் ஒரே உரத்தில் வந்து விழுந்தன. என் குரலே குடத்துக்குள் இருந்து பேசுவது போல ஒலித்தது. இவற்றைச் சொன்னபோது விற்றவர் பழகிவிடும் என்றார், அது சரிதான். பல ஆண்டுகள் அந்த ஒலிகள் இல்லாமலே இருந்துவிட்ட மூளைக்கு, எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தள்ளிவிட வேண்டும் என்று மறுபடி பிரித்தறியச் சில வாரங்களோ, சிலருக்குச் சில மாதங்களோ ஆகின்றன. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், காலையிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் என் நினைவுக்கே வரவில்லை என்பதை உணர்ந்து மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியால், அவர் சொன்ன மற்றவற்றையும் நம்பினேன்.

ஆனால் பழகாதவையும் இருந்தன. பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதினால் காதில் அறைந்தது போல வலித்தது; ஒவ்வொரு முறையும் கருவியைக் கழற்றிவிட்டேன். மெல்லும்போதும், யாராவது அருகில் வந்து அணைக்கும்போதும் வலது கருவி 'கீ' என்று விசிலடித்தது. இடது காதுக்குள் புண்ணானது. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, எதற்காக வாங்கினேனோ அந்தப் பேச்சே தெளிவாகவில்லை என்பதுதான். என் மகள் பேசுவது உரக்கக் கேட்டது. அவள் சொன்னது 'பல்' என்றா 'கல்' என்றா என்பது மட்டும் தெரியவில்லை. உயிரொலிகள் முழங்கின, மெய்யொலிகள் மங்கின. இவை ஒவ்வொன்றுக்கும் நான் நேரில் சென்று முறையிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பின்னால்தான் புரிந்தது. நான் கையெழுத்திட்ட தாளில், 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று ஒரு வரி இருந்தது. 26ஆம் நாள் தொலைபேசியில் அழைத்து, திருப்பித் தரலாமா என்று யோசிக்கிறேன் என்றபோது, "மூளை பழக மூன்று மாதமாவது ஆகும், இப்போது கொடுத்தால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்" என்றார். 30 நாள் கழிந்தது. அதன்பின் என் அழைப்புகளை எடுப்பதும் குறைந்தது.

நான்காம் மாதம் வலது கருவி முற்றிலும் அடங்கிப்போனது. நிறுவனத்துக்கு அனுப்பிப் பழுது பார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஒற்றைக் காதோடு இருந்தேன். ஒலி வெளிவரும் முனையில் கடுகளவு வடிகட்டி ஒன்று உண்டென்றும், காதழுக்கு அதில் அடைத்தால் கருவி செத்தது போலாகிவிடும் என்றும், அதை வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் மாற்றலாம் என்றும் எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்த கருவியில் மாறியிருந்தது அந்த வடிகட்டி மட்டும்தான்.

அதன்பிறகுதான் கருவி எதையும் விற்காத செவியியல் நிபுணர் ஒருவரிடம் சென்றேன். அவர் முதலில் காதைப் பார்த்தார், ஒலி புகாத அறையில் சோதனையை முழுவதுமாகத் திரும்பச் செய்தார், காதில் கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை நுழைத்து, அதன் மேல் கருவியை மாட்டி, ஒலிபெருக்கியில் பேச்சை ஓடவிட்டு, உண்மையில் என் காதுக்குள் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று திரையில் காட்டினார். இதைக் காதுக்குள் அளவிடும் சோதனை என்கிறார்கள். ஒவ்வொருவர் காதுக்குழாயின் அளவும் வடிவும் வேறு என்பதால், கணினி போடும் கணக்கு மட்டும் போதாது. என் திரையில், மெய்யொலிகளைப் பிரித்தறிய மிகவும் தேவையான 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான கூர்மையான ஒலிகளின் பகுதி, இருக்க வேண்டிய கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. அதே சமயம் திடீர் ஓசைகளுக்கான உச்ச வரம்பு, என் காது தாங்கும் அளவுக்கு மேலே இருந்தது. வலித்ததற்கும், புரியாமல் போனதற்கும் காரணம் அதுதான். இதில் என் மூளை பழகுவதற்கு ஒன்றுமே இல்லை. விசிலுக்கும் புண்ணுக்கும் காரணம் காதுக்குள் நுழையும் ரப்பர் மொட்டு: வலதில் தளர்வாக இருந்தது, இடதில் பெரிதாக இருந்தது.

அவரே அமைப்புகளைத் திருத்த முயன்றபோது, கருவிகள் விற்றவரின் மென்பொருளுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டிருப்பது தெரிந்தது. இப்படியும் ஒன்று உண்டு என்று வாங்கும்போது எனக்குத் தெரியாது. விற்றவரிடம் கேட்டபோது, கருவியில் பதிவான கணக்கைக் காட்டி, "நீங்கள் ஒரு நாளைக்குச் சராசரி இரண்டு மணி நேரம்தான் அணிந்திருக்கிறீர்கள், தவறு உங்களுடையது" என்றார். வலித்ததால் கழற்றினேன், வலிக்கிறது என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். ஆனால் ஒன்றையும் எழுத்தில் கொடுத்திருக்கவில்லை. நிபுணரின் அறிக்கையை இணைத்து மூன்று முறை கடிதம் எழுதிய பிறகே, விற்றவர் நிபுணரின் கணக்குப்படி அமைப்புகளை மாற்றிக் கொடுத்தார். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

ஆகவே, பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: காதுக்குள் குழாய் வைத்து அளந்து பார்ப்பீர்களா, வேறு இடத்தில் இந்தக் கருவியைத் திறந்து திருத்த முடியுமா, திருப்பித் தரும் நாள் எது. அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே, எந்த ஒலி எங்கே எப்படித் தொந்தரவு செய்தது என்று குறித்துவைத்ததை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விசிறிச் சத்தமும் காகிதச் சத்தமும் மிகையாகத் தோன்றினால் பொறுத்திருங்கள். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் ஒலிப்பது இரண்டு வாரத்தில் குறையாவிட்டால், ரப்பர் மொட்டையோ அதிலுள்ள காற்றுத் துளையையோ மாற்றச் சொல்லுங்கள். வலி, புண், ஓயாத விசில், உரக்கக் கேட்டும் விளங்காத பேச்சு ஆகியவற்றுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

திருத்திய பிறகு எனக்கு முதல் வாரம் மீண்டும் புதிதாகத் தொடங்கியது. 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாக உறுத்தின. இம்முறை அவை மெல்ல அடங்கின. இப்போது காலை முதல் இரவு வரை கருவிகளை அணிகிறேன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் இன்றும் பாதிதான் விளங்குகிறது. கருவியால் அதற்கு மேல் இயலாது என்பதை, அந்த நிபுணர் நான் கேட்காமலே முதல் சந்திப்பில் சொல்லிவிட்டார்.