சேம்பரில் தோட்டா இருக்கட்டுமா? மறைத்துச் சுமக்கும் கைத்துப்பாக்கியின் ஆயத்த நிலைகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துச் சுமப்பவர்களிடையே பல ஆண்டுகளாக ஓயாத வாதம் ஒன்று உண்டு. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினை நிரப்பிச் செருகிய பின், குழலின் பின்முனையில் சுடுவதற்குத் தோட்டா அமரும் அறையான சேம்பரிலும் ஒரு தோட்டாவை ஏற்றி இடுப்பில் வைப்பதா, அல்லது சேம்பரைக் காலியாக விட்டு, ஆபத்து வரும்போது ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுத்து ஏற்றிக்கொள்வதா? முன்பெல்லாம் பெரும்பாலானோர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில் பயிற்றுநர் ஒருவர் எதிரே நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார். 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், துப்பாக்கி சுமக்கத் தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநில நிபந்தனையைச் செல்லாது என்றது. 2024இல், உரிமமே இல்லாமல் மறைத்துச் சுமக்க அனுமதிக்கும் மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. ஆகவே எந்த வகுப்பிலும் உட்காராத ஒருவர், கடையில் வாங்கிய துப்பாக்கியோடு வீட்டில் தனியாக அமர்ந்து இதை முடிவு செய்ய வேண்டிய நிலை இன்று இருக்கிறது. அவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்த நிலைகளுக்கு எண் கொடுத்தவர் அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர். அவர் கணக்கில், சேம்பரில் தோட்டா, ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்க ஊசியை அடிக்கும் சுத்தி) பின்னிழுத்த நிலை, சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) பூட்டிய நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தது முதல் நிலை. சேம்பரில் தோட்டா இருந்து ஹேமர் படுத்திருந்தால் இரண்டாம் நிலை. மேகசின் நிரம்பி, சேம்பர் காலியாக இருந்தால் மூன்றாம் நிலை. ஹேமர் வெளியே தெரிந்த பழைய பிஸ்டல்களுக்காக வகுக்கப்பட்ட இந்தக் கணக்கு, ஹேமரே இல்லாமல், ஸ்ட்ரைக்கர் எனப்படும் ஊசியே வில்லின் விசையால் பாய்ந்து தோட்டாவை அடிக்கும் இன்றைய ஸ்ட்ரைக்கர் வகைத் துப்பாக்கிகளுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. இருந்தாலும், இந்தத் துறையில் பேசுபவர்கள் இன்றும் இந்த எண்களைத்தான் சொல்கிறார்கள்.

காலி சேம்பரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் அதன் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஹேமரின் முனை, அதற்கு நேர் எதிரே நிற்கும் தோட்டாவின் அடியைத் தொட்டபடியே இருக்கும். கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் ஹேமரை இறக்கி வைத்தார்கள். அதே பாணி ரிவால்வரில் ருகர் நிறுவனம் 1973இல் இடைத்தகடு ஒன்றைச் சேர்த்தது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை முழுவதும் இழுத்தால் மட்டுமே அந்தத் தகடு மேலேறி ஹேமர் தரும் அடியை ஊசிக்குக் கடத்தும். அதன் பிறகு ஆறாவது அறையைக் காலியாக விடத் தேவை இருக்கவில்லை. இஸ்ரேலின் தொடக்க ஆண்டுகளிலும் இப்படித்தான் நடந்தது. பல நாடுகளிலிருந்து கிடைத்த பல வகைப் பிஸ்டல்கள் படையினர் கையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் சேஃப்டி ஒவ்வொரு விதம். காலி சேம்பர் என்ற ஒரே விதி அனைத்துக்கும் பொருந்தியது. இன்றும் அந்த முறைக்கு இஸ்ரேலின் பெயரே வழங்குகிறது. கருவியை நம்ப முடியாத இடத்தில் பிறந்த முறை அது. அத்தகைய கருவி கையில் இருப்பவருக்கு இன்றும் அதுவே சரியான முறை.

அதன் விலை என்ன? பலரும் நேரத்தைச் சொல்வார்கள். சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டுயலர் 1983இல் எழுதிய கட்டுரையில், கத்தி ஏந்திய ஒருவர் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். ஸ்லைடை இழுக்கக் கூடுதலாக ஆகும் அரை நொடியை அந்தக் கணக்கோடு சேர்த்துக் காலி சேம்பரை நிராகரிப்பது வழக்கம். என் கருத்தில் அந்த அரை நொடி இரண்டாம்பட்சமானது. நன்கு பழகிய கை அதை இன்னும் குறைத்துக்கொள்ளும். உண்மையான விலை இரண்டாவது கை. காலி சேம்பர், ஆபத்தின் நடுவே இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. ஆனால் தாக்கப்படுபவரின் ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கும், அல்லது அடியைத் தடுத்துக்கொண்டிருக்கும், அல்லது காயப்பட்டிருக்கும். குறி பார்க்க உதவும் பின்புற மேட்டைப் பெல்ட்டில் மாட்டி ஒற்றைக் கையால் ஸ்லைடை இழுக்கும் வித்தையைப் பயிற்சிக்களத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். நிதானமாக நிற்கும்போதே அது நான்கில் ஒருமுறை எனக்குத் தவறியது. பதற்றத்தில் ஸ்லைடைப் பாதி மட்டும் இழுத்துவிடுவதும் உண்டு. அப்போது தோட்டா சேம்பருக்குள் போகாமல் குறுக்கே சிக்கிக்கொள்ளும்.

காலி சேம்பருக்கு இன்னொரு நல்ல பக்கமும் இருக்கிறது. 2014 டிசம்பரில், அமெரிக்கக் கடையொன்றில் தாயின் கைப்பைக்குள் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் தாய் உயிரிழந்தார். அந்த வயதுக் குழந்தையால் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியாது. விசையை இழுக்க முடியும். இதைக் காட்டிக் கைப்பையில் சுமப்பவர்களுக்குக் காலி சேம்பரைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. உடம்பை விட்டு விலகும் பையில் துப்பாக்கியை வைக்கவே கூடாது என்பதே என் உறுதியான நிலை. பை நாற்காலியில் தொங்கும், காரில் கிடக்கும், பிறர் கைக்குப் போகும். சேம்பர் காலியாக இருப்பதால் மட்டும் அது பாதுகாப்பான பொருளாகிவிடாது.

இனி, தோட்டா ஏற்றிய நிலைக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு மாற்று இருப்பதாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. சேம்பரில் தோட்டா இருக்கும் துப்பாக்கியில், விரலுக்கும் வெடிப்புக்கும் நடுவே எது நிற்கிறது என்பது வகைக்கு வகை மாறும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்ற பிஸ்டலில், கட்டைவிரலால் இறக்க வேண்டிய சேஃப்டியும், உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே விடுபடும் பிடிச் சேஃப்டியும் உண்டு. பின்னிழுத்த ஹேமர் வெளியே தெரிவதால் பார்ப்பவருக்கு அச்சமாக இருக்கும். ஆனால் இயந்திரமாகப் பார்த்தால் அது பத்திரமான ஏற்பாடு. அதற்குரிய கடமை பயிற்சி. உருவும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் தானாகவே சேஃப்டியை இறக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடத் தொடாதவருக்கு அந்தப் பழக்கம் நிற்காது. சேஃப்டியை இறக்க மறந்து விசையை இழுத்துக்கொண்டே திகைத்து நிற்பவர்களைப் பயிற்சிக்களத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்று மிகுதியாக விற்பவை ஸ்ட்ரைக்கர் வகை. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற குளோக் 17 இதற்கு முன்மாதிரி. அதில் கட்டைவிரல் சேஃப்டி கிடையாது. விசையிலேயே ஒரு சிறு நெம்புகோல், உள்ளே ஊசியைத் தடுக்கும் பூட்டு, கீழே விழுந்தாலும் விடுபடாத அமைப்பு ஆகிய மூன்றும் விசையை இழுக்கும்போது ஒவ்வொன்றாகத் தானே விலகும். உருவு, குறி பார், சுடு என்ற எளிமையே அதன் பலம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. சுமார் இரண்டரை கிலோ எடையில் விசை நகரும். இழுத்தது விரலா, துணி மடிப்பா என்று அதற்குத் தெரியாது. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரெஸ் 2008 நவம்பரில் ஹோல்ஸ்டர் என்னும் துப்பாக்கி உறை இல்லாமல் அரைக்கச்சையில் செருகியிருந்த குளோக் நழுவியது. அதைப் பிடிக்கப் போனபோது விசை இழுபட்டு, அவர் தொடையிலேயே குண்டு பாய்ந்தது. நியூயார்க்கில் உரிமமில்லாமல் சுமந்த குற்றத்துக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனையும் பெற்றார். துப்பாக்கி வடிவமைத்தபடியே வேலை செய்தது. விசையை மூடிப் பாதுகாக்கும் கடினமான உறைதான் அங்கே இல்லை.

உறை இருந்தாலும் ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை என்பதை நானே கேட்டிருக்கிறேன்; ஆம், காதால் கேட்டேன். தோட்டா எதுவும் இல்லை என்று இருவர் சரிபார்த்த ஸ்ட்ரைக்கர் பிஸ்டலோடு, குளிர்கால மேலங்கி அணிந்து உருவிப் பழகிக்கொண்டிருந்தேன். திரும்ப உறைக்குள் தள்ளும்போது, மேலங்கியின் கீழ் ஓரத்தில் தொங்கிய நாடாவின் நெகிழிக் குமிழ் உறைக்குள் விழுந்து விசைக்கு முன்னால் அமர்ந்தது. எதிர்ப்பு ஏதோ தெரிந்தும், அவசரத்தில் அழுத்தினேன். ‘டிக்’ என்று ஸ்ட்ரைக்கர் விழுந்தது. குழல் என் தொடையை நோக்கியிருந்தது. பயிற்றுநர் ஒன்றும் திட்டவில்லை. நாடாவை வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். அதை இன்றும் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து என் மனம் இரட்டை இயக்க வகையின் பக்கம் சாய்ந்தது. வால்தர் நிறுவனம் 1929இல் கொண்டுவந்த பிபி பிஸ்டலும், அமெரிக்க ராணுவம் 1985இல் ஏற்ற பெரெட்டாவும் இந்த வகை. சேம்பரில் தோட்டா இருக்கும், ஹேமர் படுத்திருக்கும். முதல் முறை விசை நீளமாக, சுமார் ஐந்து கிலோ கனத்தில் வரும். அடுத்தடுத்த முறைகளில் இலேசாகும். இரண்டு வேறு அழுத்தங்களைக் கற்க வேண்டியிருப்பதும், சுட்ட பின் ஹேமரை இறக்கும் நெம்பை மறவாமல் தட்ட வேண்டியிருப்பதும் இதன் குறைகள். எளியவை அல்ல, ஆயினும் இவற்றைக் களத்தில் காசு கொடுத்துத் தோட்டா வாங்கிப் பழகிச் சரிசெய்துகொள்ளலாம். இதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒன்று: உறைக்குள் தள்ளும்போது கட்டைவிரலை ஹேமரின் மேல் வைத்துக்கொள்ளலாம். விசையை ஏதாவது இழுத்தால் ஹேமர் எழும், அது விரலுக்குத் தெரியும், நிறுத்திவிடலாம். திரும்ப உறையிலிடும் அந்தக் கணத்தில் தற்செயல் வெடிப்புகள் நேரக்கூடும் என்பதால், நான் இதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கிறேன்.

இன்றைய சிறிய ரிவால்வரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லைடு இல்லாததால் காலி சேம்பர் வாதமே அங்கு எழுவதில்லை, விசை கனமானது, ஒற்றைக் கை போதும். ஐந்து தோட்டாக்கள், கடினமான குறி, மெதுவான மறுநிரப்பல் ஆகியவற்றை ஏற்றுக்கொள்பவருக்கு அது போதுமான துணை. ஸ்லைடை இழுக்கும் வலு கையில் இல்லாதவருக்கு முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே.

தோட்டா ஏற்றிச் சுமக்கலாம் என்று நான் சொல்வதெல்லாம் கருவி நம்பத்தக்கது என்ற நிபந்தனையோடுதான். புதிய வடிவமைப்பு என்பதற்காக எதையும் கண்ணை மூடி நம்ப இயலாது. அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த பிஸ்டலின் அடிப்படையான சிக் சாவர் பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது அதே ஆண்டில் வெளிவந்தது. ஆகஸ்டில் நிறுவனம் விசைப் பகுதிகளை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. பழைய துப்பாக்கியைக் கைமாற்றாக வாங்குபவர், அந்த வகைக்கு இத்தகைய திருத்தம் ஏதும் உண்டா, அது செய்யப்பட்டதா என்று பார்க்காமல் சேம்பரை நிரப்பக் கூடாது. தெரியாத வரை காலி சேம்பர்தான்.

வாதத்தில் அடிபடாத ஒரு சிறு விஷயமும் உண்டு. ஏற்றிய நிலையில் சுமப்பவர், ஒவ்வொரு இரவும் தோட்டாவை வெளியேற்றி, காலையில் அதையே மீண்டும் ஏற்றினால், ஸ்லைடு அடிக்கும் ஒவ்வொரு முறையும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் அமிழக்கூடும். அமிழ்ந்தால் சுடும்போது உள்ளழுத்தம் ஏறும். அதைவிடப் பெரிய கேடு, தினமும் இருமுறை விசையருகே கை போவது. கழற்ற வேண்டிய நாளில் துப்பாக்கியை உறையோடு சேர்த்தே கழற்றி, உறையோடு பூட்டுப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. அந்தப் பெட்டி உண்மையாகவே பூட்டப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்கு எந்த நாள் கடினமான நாள் என்று முன்கூட்டித் தெரியாது.

ஆக, பழைய வகைத் துப்பாக்கி கையில் இருப்பவரும், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவரும் காலி சேம்பரோடு இருக்கட்டும். விசையை முழுவதும் மூடும் கடின உறையும் ஒழுங்கான பயிற்சியும் உள்ளவர் ஏற்றிச் சுமக்கட்டும், முடிந்தால் முதல் இழுப்பு கனமான வகையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நினைத்து அஞ்சுபவருக்கு ஒரு வழி உண்டு. நான் தொடக்கத்தில் ஸ்ட்ரைக்கர் பிஸ்டலில் அதைச் செய்தேன். மேகசினை எடுத்துவிட்டு, சேம்பரைக் காலியாக வைத்து, ஸ்லைடை இழுத்து ஸ்ட்ரைக்கரை மட்டும் ஆயத்தமாக்கி, உறையிலிட்டு, வீட்டில் குனிந்து, நிமிர்ந்து, மாடியேறி, காரில் அமர்ந்து ஒரு மாதம் சுமந்தேன். குளோக் போன்றவற்றில் ஸ்ட்ரைக்கர் விழுந்திருந்தால் விசை பின்னால் ஒட்டிக் கிடக்கும். விழாவிட்டால் முன்னால் நிற்கும். ஒவ்வோர் இரவும் கழற்றிப் பார்த்தேன். முப்பது இரவும் விசை முன்னாலேயே நின்றது. முப்பத்தோராம் நாள் காலையில் சேம்பரில் முதல் தோட்டாவை ஏற்றினேன்.