தென்னைக்கு வேர்ல டானிக் கட்டுற சர்வீஸ்: டானிக் சூப்பர், கட்டுன விதம் சுமார்

பொள்ளாச்சி பக்கம் நம்ம தோப்புல குரும்பை (பிஞ்சு காய்) கன்னாபின்னானு கொட்டுதுன்னு இந்த தடவை ஆள் விட்டு வேர்ல சத்து டானிக்க பாக்கெட்ல ஊத்தி கட்டுனோம். டானிக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடது, கட்டுனது மரத்துக்கு இவ்ளோன்னு கூலி பேசி வந்த ஒரு லோக்கல் டீம், பேர் வேணாம்.

டானிக்ல குறை சொல்ல ஒண்ணும் இல்லீங்க. 40 மில்லிக்கு 160 மில்லி தண்ணி கலந்து மரத்துக்கு 200 மில்லி, 6 மாசத்துக்கு ஒருக்கா. ஒரு லிட்டர் வாங்குனா 25 மரத்துக்கு வரும்.

பிரச்சனையே டீம் தான். வந்ததே பொழுது சாயற நேரம். ஏங்க, மரத்துக்குள்ள என்ன மோட்டாரா ஓடுது? ஓலைல இருக்கற நுண்துளை வழியா தண்ணி ஆவியா வெளிய போகப் போகத்தான் சைலம் குழாய்ல இருக்கற தண்ணி மேல இழுபடும், தண்ணி மூலக்கூறு ஒண்ண ஒண்ணு விடாம புடிச்சிருக்கறதால வேர்ல இருந்து உச்சி வரைக்கும் அறுபடாம ஏறுது, 60 அடி மரத்துக்கும் அதே தான், நாம மேல இருந்து பம்பு வச்சு உறிஞ்சுனா 33 அடிக்கு மேல சொட்டு வராது! ராத்திரி அந்த துளையெல்லாம் மூடிக்கும், அப்புறம் எங்க இழுக்கும். காலைல போய் பாத்தா முக்கால்வாசி பாக்கெட் அப்படியே இருக்கு. வெயில் ஏறுன பிறகு தான் குறைய ஆரம்பிச்சுது.

அடுத்தது வேர். மரத்துல இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி நோண்டி பென்சில் கனத்துல உயிருள்ள இளவேரா பாத்து, கூர் கத்தில சாய்வா வெட்டி, உடனே பாக்கெட் அடி வரைக்கும் விட்டு கட்டணும். இவங்க மொக்க அருவாள்ல நசுக்கி வெட்டிட்டு அப்புறமா பாக்கெட் எடுக்க போறாங்க, அதுக்குள்ள வெட்டுவாய் வழியா காத்து உள்ள இழுத்து குழாய் அடைச்சுக்கும். 24 மணி நேரத்துல குடிக்கலன்னா வேற வேர் மாத்தி கட்டணும், அதுக்கு ஆளே வரல, நாங்களே தான் கட்டுனோம்.

இதுல "தண்டுல டிரில் போட்டு ஊத்திரலாம்ங்ணா, வேலை சீக்கிரம் முடியும்"னு வேற கேட்டாங்க. வேண்டவே வேண்டாம்னுட்டேன். வேம்பு, மா மாதிரி தென்னைக்கு பட்டைக்கு கீழ புதுசா வளர்ற அடுக்கு கிடையாது, குழாய் கட்டெல்லாம் தண்டு பூரா செதறி கிடக்கும், ஒரு தடவை உருவானது தான், மரம் இருக்கற வரைக்கும் அதே குழாய் தான் வேலை செய்யணும். போட்ட ஓட்டை போட்டது தான், மூடாது. அது வண்டுக்கு நாமளே வாசல் வச்சு குடுக்கற வேலை.

ரெண்டே மாசத்துல காய் டபுள் ஆகும்னாங்க, அதையும் நம்பாதீங்க. சத்து சைலம் வழியா ஓலைக்கு போகணும், ஓலை செய்யற சர்க்கரை புளோயம்ங்கற இன்னொரு குழாய் வழியா குலைக்கு வரணும் (பாளைய சீவுனா வடியற நீரா, கள்ளு எல்லாம் இந்த புளோயம் சாறு தான்), பூ முத்துன காயாக கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். எங்களுக்கு இப்போ ஓலை நல்ல பச்சை கட்டியிருக்கு, குரும்பை கொட்டறதும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, வெட்டுக்கு வந்தாத்தான் மிச்சம் தெரியும்.

அஞ்சுக்கு டானிக்குக்கு 4.5, டீமுக்கு 2. கொஞ்ச மரம் வச்சிருக்கறவங்க டானிக் மட்டும் வாங்கி காலைல நீங்களே கட்டிக்கோங்க. பெரிய தோப்புன்னா ஆள் வேணும் தான், ஆனா கூட நின்னு கத்தியையும் வேரையும் பாருங்க, மறுநாள் வந்து பாத்து வேர் மாத்தி கட்டுனா தான் மீதி காசுன்னு முன்னாடியே பேசிருங்க.