அடுத்த மாடல் எது வரட்டும்: பழைய டிராக்டரா, ராட்சத அறுவடை இயந்திரமா?

பண்ணை வண்டிகளின் சிறு மாடல்களைச் சேர்ப்பவர்களிடம் "புதிதாக எது வர வேண்டும்?" என்று கேட்டால் ஒரு கூட்டம் 1960-களின் மாஸே பெர்குசன் 135 மாதிரியான பழைய டிராக்டரை இன்னும் திருத்தமாகக் கேட்கும். இன்னொரு கூட்டத்துக்கு இப்போது வயலில் ஓடும் ராட்சத அறுவடை இயந்திரமான கம்பைன் ஹார்வெஸ்டர்தான் வேண்டும்.

கம்பைனின் கம்பீரத்துக்கு ஈடில்லை, சரி. ஆனால் இடம்? 12 மீட்டர் அகல வெட்டும் முகப்பு 1:32 அளவில் (நிஜத்தில் 32-இல் ஒரு பங்கு) 37.5 செ.மீ. வரும். அலமாரியில் குறுக்கே வைத்தால் வேறெதற்கும் இடமிருக்காது. நிஜ வண்டி சாலையில் போவதுபோல முகப்பைக் கழற்றித் தனி டிரெய்லரில் ஏற்றி வைக்கலாம். அந்த டிரெய்லரையும் சேர்த்தே தந்தால் புண்ணியம். 1:64-க்கு இறங்கினால் இடம் மிச்சம், நுணுக்கம் போய்விடும்.

பழைய டிராக்டர் உள்ளங்கையில் அடங்கும். கேபின் உள்ளது, இல்லாதது, வேறு சக்கரம் போட்டது என்று ஒரே அச்சிலிருந்து பல வகை எடுக்கலாம், தயாரிப்பாளருக்கும் கட்டுப்படியாகும். சிக்கல் என்னவென்றால் என்ஜின் திறந்தே கிடக்கிறது, தப்பை மறைக்க வழியில்லை. 10 மி.மீ. டீசல் குழாய் 1:32 அளவில் 0.3 மி.மீ.தான். அதை உலோகத்தோடு சேர்த்தே வார்த்தால் கயிறுபோலத் தடித்துவிடும், தனிக் கம்பியாகத்தான் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டித் தந்தால் என் ஓட்டு பழைய டிராக்டருக்கே.